முதல் வேட்டை ரைஃபிள்: விலை குறைந்ததை எப்படி எடை போடுவது?

கனடாவில், குறிப்பாக ஒன்டாரியோவில் குடியேறி, மான் வேட்டைக்காக முதன்முதலாக, போல்ட் என்ற கைப்பிடித் தண்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கக் கிளம்பியபோது இதைப் பற்றித் தமிழில் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. கடைக்காரர்கள் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி, தேங்கிக் கிடந்த சரக்கைத் தலையில் கட்டுவதற்கான பேச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று 500 முதல் 800 கனேடிய டாலருக்குள் விற்கும் புதிய ரைஃபிள்களில் குழல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் சிக்கனம் பிடிப்பது வேறு இடங்களில்: கட்டை (தோளில் தாங்கும் உடற்பகுதி), மகசீன் (தோட்டாக்கூடு), போல்ட்டின் வழவழப்பு, கூடவே தரும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள், அந்தக் குறையோடு உங்களால் வேட்டைக்குப் போக முடியுமா என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. உரிமம் கைக்கு வந்த பிறகே கடைக்குப் போங்கள்

ரைஃபிள் மட்டுமல்ல, ஒரு பெட்டி தோட்டா வாங்கவும் பி.ஏ.எல். எனப்படும் துப்பாக்கி உரிமம் வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடியுரிமை தேவையில்லை, நிரந்தரவாசியாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். ஒன்டாரியோவில் வேட்டைக் கல்விப் பயிற்சியையும் சேர்த்தே நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். வேட்டை அனுமதிக்கான அவுட்டோர்ஸ் கார்டுக்கு அதுவும் தேவைப்படும்.

விண்ணப்பக் கட்டணம் சுமார் 70 டாலர். புதிதாக வந்தவர்களுக்குச் சிக்கல் கட்டணத்தில் இல்லை, கையெழுத்துகளில்தான் இருக்கிறது. உங்களைச் சில ஆண்டுகளாக அறிந்த இருவரின் பெயரைச் சான்றாகத் தர வேண்டும். புகைப்படத்தை உறுதிசெய்ய ஒருவர் வேண்டும். வாழ்க்கைத் துணையின் கையெழுத்துக்கும், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்த துணை இருந்தால் அந்த விவரத்துக்கும் படிவத்தில் இடம் உண்டு. இவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உரிமம் வழங்கும் ஆர்.சி.எம்.பி. (மத்திய காவல்துறை) அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும்போது உங்கள் நண்பர் திகைத்து நிற்கக் கூடாது.

முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தபட்சம் 28 நாள் காத்திருப்பு கட்டாயம். நடைமுறையில் பயிற்சி தொடங்கி அட்டை கைக்கு வரும்வரை சில மாதங்கள் என்றே கணக்கு வையுங்கள். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். வழக்கமான போல்ட்-ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்கள் சட்டம் ‘கட்டுப்பாடற்ற’ (non-restricted) என்று பிரிக்கும் வகையைச் சேர்ந்தவை என்பதால் ஒன்டாரியோவில் அவற்றைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. கியூபெக்கில் மாகாணப் பதிவு உண்டு.

2. எங்கே, எதை வேட்டையாடப் போகிறீர்கள்?

டொரோண்டோவைச் சுற்றி வசிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய பொறி இது. தெற்கு ஒன்டாரியோவின் பல பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைஃபிளே அனுமதி இல்லை. ஷாட்கன், குழல் வாய் வழியே வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கி, வில் ஆகியவை மட்டுமே. சில மாவட்டங்களில் காலிபர் (அங்குலத்தில் குழல் விட்டம்) .275-க்கு மேற்பட்ட ரைஃபிளுக்குத் தடை உண்டு. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிகளின் தொகுப்பு இலவசம். அதில் நீங்கள் போகவிருக்கும் வனவிலங்கு மேலாண்மைப் பிரிவின் எண்ணைத் தேடி, எந்த ஆயுதம், எந்தத் தேதிகள் என்று படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

வடக்கே போகிறீர்கள் என்றால், முதல் ரைஃபிளுக்கு என் பரிந்துரை .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை. வெள்ளைவால் மானுக்கும், பெரிய மான் இனமான மூஸுக்கும் போதுமானது. எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். மான் மட்டும் போதும், தோளில் உதை குறைவாக இருக்க வேண்டும் என்றால் 6.5 கிரீட்மோர் அல்லது .243. .30-06 நல்ல தோட்டாதான், ஆனால் இந்த விலையில் வரும் ரைஃபிள்கள் இலேசானவை. 3 கிலோ எடையில்.30-06 தரும் உதையில் புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எளிதில் விடாது. பெயர் மேக்னம் என்று முடியும் பலமான தோட்டா எதுவும் இப்போது வேண்டாம்.

3. ரைஃபிளின் விலை வேறு, செலவு வேறு

விலைச்சீட்டில் 600 டாலர் என்று இருந்தால், கடையை விட்டு வெளியே வரும்போது அது இரட்டிப்புக்கு அருகில் போயிருக்கும். ஒரு தாளில் இதை எழுதுங்கள்: ரைஃபிள், அதற்கு 13 விழுக்காடு விற்பனை வரி (எச்.எஸ்.டி.), ஸ்கோப் 250 முதல் 400 டாலர், அதைப் பொருத்தும் தளமும் வளையங்களும் 50 முதல் 100, விசைப்பூட்டு அல்லது பூட்டும் பெட்டி, துடைக்கும் கருவிகள், தோள்வார், சுடுதளக் கட்டணம், தோட்டா. வேட்டைத் தோட்டா 20 கொண்ட ஒரு பெட்டி சுமார் 40 டாலர். முதல் ஆண்டில் ஐந்தாறு பெட்டிகளாவது செலவாகும், செலவாக வேண்டும்.

துப்பாக்கி வேட்டைக்காலத்தில் ஆரஞ்சு உடை கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலம் தெரியும்படி, தலைக்கும் தனியாக.

மொத்தம் 1,300 டாலர்தான் கையில் இருக்கிறது என்றால், 1,100 டாலர் ரைஃபிளை வாங்கிவிட்டு மலிவான ஸ்கோப்போடும் ஒரு பெட்டித் தோட்டாவோடும் காட்டுக்குப் போகாதீர்கள். 600 டாலர் ரைஃபிளும் நல்ல ஸ்கோப்பும் கோடை முழுவதற்கும் போதுமான தோட்டாவும்தான் மானை நேர்மையாக வீழ்த்தும்.

4. எவையெல்லாம் இந்த விலைக்குள் வருகின்றன

ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட், வின்செஸ்டர் எக்ஸ்.பி.ஆர். ஆகியவை கடையில் அடிக்கடி கண்ணில் படும். சற்று மேலே ஹோவா 1500. அதற்கும் மேலே 1,000 டாலரைத் தாண்டி ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். டிக்காவை வாங்காவிட்டாலும் கடையில் ஒருமுறை கையில் வாங்கிப் போல்ட்டை இழுத்துப் பாருங்கள். நல்ல போல்ட் எப்படி நகரும் என்பது விரல்களுக்குத் தெரிந்துவிட்டால், மற்றவற்றை ஒப்பிட அதுவே அளவுகோல்.

ஆக்சிஸ் வாங்கும்போது ஆக்சிஸ், ஆக்சிஸ் 2 என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டாவதில் சாவேஜின் அக்யூடிரிகர் விசை இருக்கிறது, பழைய ஆக்சிஸில் இல்லை. அந்த விசைக்காகக் கூடுதல் பணம் தரலாம். 2023 இறுதியில் வெளிவந்த ரூகர் அமெரிக்கன் இரண்டாம் தலைமுறையில் குழல் வாயில் திருகுமரை வெட்டியிருக்கும். அமெரிக்க விளம்பரங்கள் அதைச் சத்தம் குறைக்கும் கருவிக்கானது என்று சொல்லும். கனடாவில் அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. அந்த மரைக்காக ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டியதில்லை.

5. கடை மேசையில் செய்ய வேண்டிய சோதனை

கையில் வாங்கியதும் முதல் வேலை: குழல் வாயை யாரும் இல்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். விசையை வெறுமனே இழுக்கும் முன் அனுமதி கேளுங்கள். இந்த இரண்டையும் செய்கிறவரைக் கடைக்காரர் மதிப்பார். அதன் பிறகு பொறுமையாகப் பதில் வரும்.

அளவு. இதை யாரும் சொல்வதில்லை. முழு அளவு ரைஃபிள்களில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை சுமார் 13.5 அங்குலம். நம்மில் பலருக்கு அது நீளம். நவம்பரில் தடித்த குளிர் அங்கி மேலேறினால் இன்னும் ஒரு அங்குலம் கூடியது போலாகும். தோளில் ஏற்றும்போது கட்டை அக்குளில் சிக்கும். அங்கியை எடுத்துச் சென்று, போட்டுக்கொண்டே தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கழுத்தை நீட்டாமலே கண் ஸ்கோப்பின் நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் அதே மாதிரியின் குறு வடிவத்தைக் கேளுங்கள். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட்டில் இந்த நீளம் 12.5 அங்குலம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்கை மாதிரி இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

போல்ட். புதிய மலிவு ரைஃபிளில் அது சொரசொரவென்றுதான் இருக்கும். அது பழகப் பழகச் சரியாகும். சிக்கிக்கொள்வது வேறு. ரைஃபிளைத் தோளில் வைத்தபடி, பிடியை வேண்டுமென்றே சற்று மேல்நோக்கி அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் இழுங்கள். பாதி வழியில் இறுகி நின்றால், பதற்றத்தில் இரண்டாவது தோட்டாவை ஏற்றும்போதும் அப்படித்தான் நிற்கும். அதே மாதிரியில் வேறொரு துப்பாக்கியை எடுத்துப் பாருங்கள். ஒரே மாதிரியில்கூட ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும். பின்னால் இழுத்த நிலையில் போல்ட் ஆடுவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

கட்டையும் குழலும். 20 டாலர் நோட்டு ஒன்றை எடுத்து, குழலுக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் இடையே நுழைத்துப் பின்னோக்கி இழுத்து வாருங்கள். தோட்டா அறைக்கு அருகில் வரும்வரை எங்கும் தட்டக் கூடாது. பிறகு முன்பகுதியைக் குழலோடு சேர்த்து விரலால் அழுத்துங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து குழலைத் தொட்டுவிடும் மாதிரிகள் நிறைய. காட்டில் மரக்கிளையில் சாய்த்துச் சுடும்போது அந்தத் தொடுகை குறியை நகர்த்திவிடும். இலேசாக அழுத்தினாலே தொடுகிறது என்றால் அந்த மாதிரியை விடுங்கள். பலம் கொடுத்து அழுத்தினால் மட்டும் தொடுகிறது என்றால் ஏற்கலாம்.

விசை. 3 முதல் 4 பவுண்டு அழுத்தத்தில், சட்டென்று, இழுபடாமல் விடுபட வேண்டும். சில கடைகளில் விசையளவி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கையுறை போட்ட விரல் விசைக்காப்பு வளையத்துக்குள் நுழைகிறதா என்றும் பாருங்கள். பின்னர் காப்புச் (தவறி வெடிக்காமல் தடுக்கும் பொத்தான்) சோதனை: காலி ரைஃபிளில் காப்பைப் போட்டு, விசையை இழுத்து, விரலை எடுத்துவிட்டு, காப்பை விடுவியுங்கள். அப்போது அடிமுள் விழும் சத்தம் கேட்டால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது. அடுத்து, போல்ட்டைச் சில முறை வேகமாக அடித்து மூடுங்கள்; ஒவ்வொரு முறையும் அடிமுள் ஏறிய நிலையிலேயே நிற்க வேண்டும்.

மகசீன். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்கள் சில டாலருக்குக் கிடைக்கும். அவற்றை நிரப்பி மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றி வெளியேற்றுங்கள். மகசீன் தானாகக் கழன்று விழுகிறதா என்று அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கூடுதல் மகசீன் விலையைக் கேளுங்கள், அது கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பனியில் தொலைந்துபோன மகசீனுக்கு மாற்று கிடைக்காவிட்டால் வேட்டைக்காலம் அதோடு முடிந்தது.

6. பழையதை வாங்குவதானால்

அதே பணத்துக்குப் பழைய சந்தையில் நல்ல மரக்கட்டையோடு தரமான ரைஃபிள் கிடைப்பதுண்டு. ஆனால் உத்தரவாதம் இல்லை என்பதால் மேற்கண்டவற்றோடு இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

போல்ட்டைக் கழற்றி, சிறு விளக்கைப் பின்புறம் காட்டி, குழலின் உள்ளே பாருங்கள். உட்சுவரில் வெட்டிய சுழல் வரிகள் கூர்மையாக, பளபளப்பாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகக் கருமை தெரிந்தால் துரு அரித்திருக்கிறது. நடுவில் வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழல் வாயின் விளிம்பில் ஒரு பஞ்சை வைத்துச் சுற்றுங்கள். இழை சிக்கும் இடத்தில் வெட்டுக்காயம் இருக்கிறது, குறி சிதறும். துப்பாக்கியின் உடலைக் கட்டையோடு பிணைக்கும் பின் திருகுக்குப் பின்னால் கட்டையில் மயிரிழைப் பிளவு உண்டா என்று பாருங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால், அனுபவமில்லாத கை பிரித்துப் பார்த்திருக்கிறது.

பழைய ரெமிங்டன் 700 கிடைத்தால் வரிசை எண்ணைக் குறித்து வந்து விசாரியுங்கள். 2006 மே மாதத்துக்கும் 2014 ஏப்ரலுக்கும் இடையே செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகள், இழுக்காமலே வெடிக்கலாம் என்ற காரணத்தால் 2014-இல் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்யப்பட்டதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் வேண்டாம். வெட்டிச் சுருக்கிய லீ-என்ஃபீல்டு .303 கனடாவில் ஏராளம். போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், தோட்டா அறையின் இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளந்து சொன்ன பிறகே சுடுங்கள்.

தனியாரிடம் வாங்கினாலும் உரிமச் சரிபார்ப்பு உண்டு. 2022 மே 18 முதல், விற்பவர் உங்கள் பி.ஏ.எல். எண்ணைக் கொடுத்து அரசிடமிருந்து குறிப்பெண் பெற்ற பிறகே துப்பாக்கியைக் கைமாற்ற முடியும். "அதெல்லாம் வேண்டாம், பணத்தைக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வாங்கிய தேதி, வரிசை எண், குறிப்பெண் மூன்றையும் எழுதிப் பாதுகாத்து வையுங்கள்.

7. ஸ்கோப் சேர்த்த பொதியில் மயங்காதீர்கள்

ஸ்கோப்போடு சேர்த்து விற்கும் பொதிகளில் பெரும்பாலும் ஸ்கோப்தான் பலவீனமான பகுதி. அந்தி மங்கும் நேரத்தில், அதாவது மான் வெளியே வரும் நேரத்தில், அதில் ஒன்றும் தெரியாது. பொதிக்கும் வெறும் ரைஃபிளுக்கும் விலை வித்தியாசம் 50 டாலருக்குள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் ரைஃபிளை மட்டும் வாங்கி, வோர்டெக்ஸ் அல்லது லியூபோல்டின் தொடக்க நிலை 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட) ஸ்கோப்பைத் தனியாக வாங்குங்கள். அதைவிடப் பெரிதாக்கும் ஸ்கோப் முதல் மானுக்குத் தேவையில்லை.

கடையில் பொருத்தித் தந்தாலும், முறுக்குவிசை அளவி உள்ள திருப்புளியால் அவர்கள் முறுக்கினார்களா என்று கேளுங்கள். புதிய ரைஃபிள் "குறி தப்புகிறது" என்று திரும்பி வருவதில் பெரும்பங்கு தளர்ந்த திருகுதான், குழல் அல்ல.

8. சுடுதளத்தில் தீர்ப்பு

பெட்டிக்குள் வைத்த, மூன்று தோட்டா நெருக்கமாகத் துளைத்த குறியட்டையைக் காட்டி விற்பார்கள். மூன்று தோட்டா நெருக்கமாக விழுவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும். 100 மீட்டரில், மணல்மூட்டையின் மேல் சாய்த்து, ஒரே குறியில் பத்துத் தோட்டா சுடுங்கள். இரண்டு மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை குழல் ஆறட்டும். மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் குறி விலகும்.

சிதறலை அளக்கும் அலகான ஒரு மினிட் கோணம் என்பது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். பத்தும் 6 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கினால் அது இரண்டு மினிட் ரைஃபிள். 200 மீட்டரில் வட்டம் 12 சென்டிமீட்டர் ஆகும். மானின் உயிர்நிலையான நெஞ்சுப் பகுதி 20 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஆக, வேட்டைக்கு அது தாராளமாகப் போதும். அதற்கும் கீழே இறக்குவதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 200 மீட்டரைத் தாண்டிய மானைப் புதியவர் சுடவும் வேண்டாம்.

வட்டம் 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் ரைஃபிளைப் பழிக்கும் முன் வரிசையாகச் சரிபாருங்கள்: ஸ்கோப் திருகுகள், கட்டைத் திருகுகள், பிறகு தோட்டா. ஒரே ரைஃபிள் ஒரு நிறுவனத்தின் 150 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) தோட்டாவைச் சிதறடித்து, இன்னொன்றின் 165 கிரெய்ன் தோட்டாவைச் சேர்த்து அடிப்பது சர்வசாதாரணம். மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பாருங்கள். கூட வந்த அனுபவசாலி ஒருவரையும் சுடச் சொல்லுங்கள். அவர் கையிலும் சிதறினால்தான் துப்பாக்கியில் கோளாறு.

பொருந்திய தோட்டாவைக் கண்டதும் அதில் ஐந்தாறு பெட்டி ஒரே கொள்முதலில் வாங்கி வையுங்கள். வீட்டில் ரைஃபிளைத் தோட்டா இல்லாமல், விசைப்பூட்டோடு அல்லது பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டாவைத் தனியாகவோ பூட்டியோ வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் சாவி இருக்கும் இடம் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

9. எப்போது வாங்குவது

மத்திய ஒன்டாரியோவில் ரைஃபிள் மான் காலம் நவம்பர் தொடக்கத்தில் வரும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் கடைகளில் கூட்டம் நெரியும்; விலை பேச முடியாது, மெக்கானிக்குக்கு நேரம் இருக்காது, உங்களுக்குப் பொருந்திய தோட்டா அலமாரியில் இருக்காது. குளிர்காலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வேட்டைக்காலம் முடிந்து கடைகள் மிச்சச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கும் மாதங்களிலோ வசந்தத்திலோ ரைஃபிளை வாங்கி, கோடையில் சுட்டுப் பழகுங்கள்.

வாங்கும் அன்றே உத்தரவாதத்தைப் பற்றி ஒரு கேள்வி: பழுதானால் கனடாவுக்குள்ளேயே சரிசெய்வார்களா, அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமா? எல்லை தாண்டி ஒரு துப்பாக்கி போய்வர ஏற்றுமதி, இறக்குமதித் தாள்கள் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கனடாவில் பழுதுபார்ப்பு நிலையம் உள்ள நிறுவனத்தின் ரைஃபிள் 50 டாலர் அதிகம் என்றாலும் அதையே வாங்குங்கள். மே மாதத்தில் கோளாறு தெரிந்தால் நவம்பருக்குள் சரிசெய்து திரும்பி வந்துவிடும். அக்டோபரில் தெரிந்தால் அந்த ஆண்டு வேட்டை கைவிட்டுப் போகும்.